அம்மாவின் கால் எரிச்சலும் ஏழு சீன மருந்துப் பொட்டலங்களும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. 14 ஆண்டுகளாக நீரிழிவு. சுத்த சைவம். இரண்டு ஆண்டுகளாக இரு பாதங்களிலும் எரிச்சலும் மரத்துப்போதலும் இருக்கின்றன. இரவில் போர்வை பட்டாலே துடித்துப் போகிறார். 11 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் 1,000 மி.கி. காலை, இரவு இருவேளை; கூடவே சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைட். இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் கலந்த மாத்திரை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்க, குளோபிடோக்ரெல். நரம்பு வலிக்கு இரவில் பிரிகாபாலின் 75 மி.கி.

எங்கள் புளோக்கில் இருக்கும் சீன ஆன்ட்டி அம்மாவை ஒரு சீன மருந்துக்கடைக்கு அழைத்துப் போனார். அங்கே நாடி பார்த்துச் சீட்டு எழுதி, ஏழு பொட்டலம் கட்டித் தந்தார்கள். சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். மூன்று மாதம் குடித்தால் செத்த நரம்பு மறுபடி முளைக்கும் என்கிறார்கள். உண்மையா? இன்னும் காய்ச்சவில்லை. எப்படிக் காய்ச்ச வேண்டும்? அதே மூலிகை நீரில் காலை ஊறவைக்கலாமா?

இதற்கிடையே ஜோகூரிலிருந்து உறவினர் ஒருவர் "சீனத்து நரம்பு மாத்திரை" என்று ஒரு பாட்டில் கொண்டு வந்தார். கறுப்பு உருண்டை. பாட்டிலில் எழுத்து எதுவும் இல்லை. அம்மா ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறார். இரண்டே நாளில் வலி பாதி குறைந்தது. நன்றாகப் பசிக்கிறது, முகத்திலும் சதை பிடித்திருக்கிறது. சர்க்கரை மட்டும் ஏனோ 8-லிருந்து 15 வரை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) ஏறுகிறது. இனி பிரிகாபாலினை நிறுத்திவிடலாமா?

– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் பொட்டலத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அது அலமாரியிலேயே இருக்கட்டும், கெட்டுப் போகாது. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கறுப்பு உருண்டைதான் இன்றைக்கே கவனிக்க வேண்டியது.

நரம்புக்கென்று கொடுக்கப்படும் எந்தச் சீன மூலிகையும் இரண்டு நாளில் வலியைப் பாதியாகக் குறைக்காது. நல்ல சீன மருத்துவர் யாரைக் கேட்டாலும், வாரக்கணக்கில் குடித்துத்தான் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்பார். இரண்டு நாளில் நிவாரணம், கூடவே அகோரப் பசி, முகம் உப்பல், காரணமில்லாமல் எகிறும் சர்க்கரை. இந்த நான்கும் ஒன்றாக வந்தால் மருந்தாளர்களின் மனம் முதலில் போவது ஸ்டீராய்டிடம்தான். டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரட்னிசோலோனைப் பொடித்து, வலி மாத்திரையையும் சேர்த்து, மூலிகைத் தூளில் உருட்டி விற்பது பழைய மோசடி. அம்மா முகத்தில் வந்திருப்பது சதை இல்லை. அனேகமாக ஸ்டீராய்டால் வரும் வீக்கம். உருண்டையைப் பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் பரிசோதனை முடிவு வரும்வரை ஸ்டீராய்டு இருக்கிறது என்றே வைத்து நடக்க வேண்டும்.

பயந்துபோய் உருண்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு உள்ளே போனால், உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசோலை அட்ரினல் சுரப்பி குறைத்துவிடும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மிச்சமுள்ள உருண்டைகளைப் பாட்டிலோடு எடுத்துக்கொண்டு இன்றே பாலிகிளினிக்குக்கோ குடும்ப மருத்துவரிடமோ அம்மாவை அழைத்துப் போங்கள். "எழுத்தில்லாத மாத்திரை, ஐந்து வாரம், தினம் இத்தனை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். காலை நேரக் கார்ட்டிசோல், பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின் (சிறுநீரக அளவுகோல்), எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அளவு தெரிந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள்.

வாந்தி நிற்காவிட்டாலோ, அம்மா எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடினாலோ, சர்க்கரை 20-ஐத் தாண்டினாலோ, மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலோ பாலிகிளினிக் வரிசையில் காத்திருக்காதீர்கள், அவசர ஊர்திக்கு 995-ஐ அழையுங்கள். கறுப்பு மலத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட உருண்டைகளில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்தும் கலந்திருப்பது வழக்கம். குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு அது சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியும்.

கலப்பட மருந்து என்ன செய்யும் என்பதைச் சிங்கப்பூர் நேரில் பார்த்திருக்கிறது. 2008-ன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 4 பேர் இறந்தார்கள். ஆண்மை ஊக்கி என்று விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்ததே காரணம். உறவினர் நல்லெண்ணத்தில்தான் வாங்கி வந்திருப்பார், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் எங்கே வாங்கினார் என்று கேட்டு வையுங்கள். சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தகவல் போனால் இன்னொரு வீட்டுக்கு உதவும்.

பிரிகாபாலினை நிறுத்த வேண்டாம். இப்போது தெரியும் நிவாரணம் உருண்டை தருவது. உருண்டை நின்றதும் வலி திரும்பும், அந்த நேரத்தில் பிரிகாபாலினும் இல்லையென்றால் அம்மா தவித்துப் போவார். பிற்பாடு நிறுத்துவதானாலும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். இரவு 75 மி.கி. என்பது சிறிய அளவுதான். சிறுநீரகம் நன்றாக இருந்தால் மருத்துவர் கூட்டலாம், அல்லது டுலோக்ஸெட்டினுக்கு மாற்றலாம். அந்த வழிகளெல்லாம் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

இனி, செத்த நரம்பு முளைக்குமா என்ற கேள்வி. வெட்டுப்பட்ட அல்லது நசுங்கிய நரம்பு, சூழ்நிலை சாதகமாக இருந்தால், நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். இடுப்பு முதுகெலும்பிலிருந்து கால் விரல் நுனி வரை ஓடும் நரம்பு சுமார் ஒரு மீட்டர், அதாவது 1,000 மி.மீ. நீரிழிவில் அந்த நரம்பு எங்கோ ஓரிடத்தில் அறுவதில்லை; நுனியிலிருந்து மேல்நோக்கிக் கருகிக்கொண்டே வருகிறது. அதனால்தான் சாக்ஸ் போட்ட இடம் மாதிரி இரு பாதமும் சமமாக மரத்துப் போகின்றன. மூன்று மாதம் என்பது 90 நாள். எந்த மருந்தாக இருந்தாலும் கணக்கு இடிக்கிறது. எரிச்சலைத் தணிப்பது ஒன்று, நரம்பை வளர்ப்பது வேறொன்று. மூலிகையிடம் முதலாவதை எதிர்பார்க்கலாம். இரண்டாவதைச் சொல்லி விற்கிறவரை நம்பாதீர்கள்.

ஆதாரம் எவ்வளவு இருக்கிறது? நீரிழிவு நரம்புச் சேதத்துக்கான சீன மூலிகைகளைப் பற்றி, நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் ஆய்வு 2013-ல் புதுப்பிக்கப்பட்டது. 49 சோதனைகள், 3,639 நோயாளிகள். பலன் கிடைத்ததாகச் சொன்ன சோதனைகள் உண்டு. ஆனால் அவை நடத்தப்பட்ட விதம் அவ்வளவு பலவீனமாக இருந்ததால், பலிக்கும் என்றோ பலிக்காது என்றோ முடிவு சொல்ல முடியவில்லை. ஜப்பானில் கோஷாஜின்கிகான் என்ற பத்து மூலிகைக் கலவையை நரம்பு மரப்புக்கு நெடுநாளாகக் கொடுக்கிறார்கள். புற்றுநோய் மருந்து ஆக்ஸாலிபிளாட்டினால் வரும் நரம்புச் சேதத்தை அது தடுக்குமா என்று 182 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள். தடுக்கவில்லை என்று தெரிந்து சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மூலிகை வீண் என்று தள்ளிவிட இது போதாது. ஆனால் தெரிந்த சிகிச்சையை விட்டுவிட்டு மூலிகையை மட்டும் பிடித்துக்கொள்ளும் அளவுக்கும் ஆதாரம் இல்லை.

மூலிகைக்கு முன்னால் ஒரு இரத்தச் சோதனை பாக்கி இருக்கிறது. அம்மா சுத்த சைவம். 11 ஆண்டுகளாக மெட்ஃபார்மின், அதுவும் தினம் 2,000 மி.கி. சைவ உணவில் பி12 குறைவு, இருப்பதையும் குடல் உறிஞ்சவிடாமல் மெட்ஃபார்மின் குறைக்கிறது. பி12 பற்றாக்குறையும் இதே மாதிரி பாத எரிச்சலையும் மரப்பையும் கொடுக்கும். அளவு லிட்டருக்கு 150 பிகோமோலுக்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் நரம்பு மருந்து: 1,000 மைக்ரோகிராம் ஊசியாகவோ தினசரி மாத்திரையாகவோ. இந்த ஒன்றைச் சரிசெய்தால் நரம்பு உண்மையாகவே ஓரளவு மீளும். ஏழு பொட்டலம் வாங்குவதற்கு முன் யாரும் இதைப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆதங்கம். கடையில் கிடைக்கும் "நரம்பு வைட்டமின்" மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். சிலவற்றில் ஒரு மாத்திரைக்கே 200 மி.கி. பி6 இருக்கிறது. பி6 மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அதே இரத்தத்தில் பார்த்துவிடலாம். பாதத்தில் 10 கிராம் நைலான் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் உணர்வு எவ்வளவு மிச்சம் என்று சோதித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பு வேண்டும்.

இனி பொட்டலத்துக்கு வருவோம். படத்தில் இருப்பவை: ஹுவாங் சி (அஸ்ட்ராகலஸ் வேர்) 30 கிராம், குய் ஜி (பட்டை மரத்தின் இளங்கிளை) 9, பாய் ஷாவ் (பியோனி வேர்) 12, தாங் குய் (ஏஞ்சலிக்கா வேர்) 9, ஹோங் ஹுவா 6, தி லோங் 9, ஜி ஷுவே தெங் 15, கான் சாவ் 6, பச்சை இஞ்சி, 12 தா சாவ்.

இது கண்டபடி எழுதிய சீட்டு இல்லை. இதன் உடம்பு, ஹுவாங் சி – குய் ஜி ஐம்பொருள் கஷாயம். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், சீனாவின் கிழக்கு ஹான் காலத்தில் ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதி வைத்தது. உடம்பு மரத்து உணர்வற்றுப் போகும் நிலைக்கு அவர் சொன்னது ஐந்தே பொருள்: ஹுவாங் சி, குய் ஜி, ஷாவ் யாவ் (இன்று பாய் ஷாவ் போடுகிறார்கள்), பச்சை இஞ்சி, தா சாவ். உழைப்பில்லாத சுகவாழ்வு, பலமில்லாத எலும்பு, கொழுத்த சதை உள்ளவர்களுக்கு இந்த மரப்பு வரும் என்று அந்தக் காலத்திலேயே குறித்திருக்கிறார். இன்றைய நீரிழிவு வார்டை நினைத்துக்கொண்டு அதைப் படிக்காமல் இருக்க முடியாது.

ஹோங் ஹுவா, தி லோங், தாங் குய் ஆகியவை வேறு வீட்டிலிருந்து வந்தவை. 1830-ல் வாங் சிங்ரென் என்ற சீன மருத்துவர் வெளியிட்ட, பக்கவாதத்துக்கான ஏழு பொருள் கஷாயத்தில் அவை இருக்கின்றன. இரத்தத்தை ஓட்டிவிடும் பொருள்கள் என்று அவற்றைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் அம்மாவுக்கு எது ஆகும், எது ஆகாது என்பது தெரியும்.

தாங் குய், ஹோங் ஹுவா (நம் குசும்பாப்பூ), ஜி ஷுவே தெங் மூன்றும் இரத்தம் உறைவதைத் தளர்த்தும் பக்கம் சாய்ந்தவை. உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தாங் குய்யோ தான் ஷென் என்ற இன்னொரு சீன வேரோ சேர்த்துக் குடித்து, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எகிறிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அம்மாவுக்கு வார்ஃபரின் இல்லை, குளோபிடோக்ரெல். என்றாலும் ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த மாத்திரையைக் குறைக்க வழியில்லை. ஆகவே விலக வேண்டியது மூலிகைதான். மூன்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தி லோங் என்பது உலர்ந்த மண்புழு. சாம்பல் பழுப்பு நிறத்தில், சுருண்ட பட்டை ரிப்பன் மாதிரி இருக்கும். பெயரைப் பார்த்தால் தெரியாது. தி லோங் என்றால் பூமி டிராகன் என்று பொருள். அம்மா சைவம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? நரம்பு வலிச் சீட்டுகளில் சுவான் ஷியே (தேள்), வு கோங் (பூரான்), ஜியாங் சான் (பட்டுப்புழு) ஆகியவையும் வரும். முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கான் சாவ் என்பது அதிமதுரம். இதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். அம்மா சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பொட்டாசியத்தை இறக்கும். உருண்டையில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவும் அதையே செய்யும். மூன்று கைகள் ஒரே கயிற்றை இழுப்பது போல. பொட்டாசியம் இறங்கினால் கால் தசை தளரும், பிடித்து இழுக்கும். நரம்பு மோசமாகிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு பொட்டலம் காய்ச்சுவீர்கள். ஜாங் ஜோங்ஜிங்கின் ஐந்து பொருளில் கான் சாவ் இல்லவே இல்லை. ஆகையால் அதை விடச் சொல்லிக் கேட்பதில் மருத்துவருக்கு மனத்தாங்கல் இருக்காது.

தா சாவ், அதாவது கடைகளில் ரெட் டேட்ஸ் என்று விற்கும் சிவப்பு இலந்தை, 12 வேண்டாம். முழுக்கச் சர்க்கரை. மூன்று போதும், கொட்டை நீக்கிப் போடுங்கள். பச்சை இஞ்சி 9 கிராம். கஷாயத்துக்குப் பதில் தேனில் பிசைந்த பெரிய உருண்டை தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். அதில் கணிசமான பங்கு தேன்தான்.

மிஞ்சுவது ஹுவாங் சி 30, குய் ஜி 9, பாய் ஷாவ் 12, இஞ்சி 9, தா சாவ் 3. பழைய ஐம்பொருள் கஷாயமே திரும்பி வந்துவிட்டது. ஹுவாங் சி சர்க்கரையைச் சற்று இறக்கலாம், கிளிக்லசைடோடு சேர்ந்தால் கூடுதலாக இறங்கலாம். இந்த இடத்தில்தான் வரிசை முக்கியம். ஸ்டீராய்டு குறையக் குறைய அம்மாவின் சர்க்கரை தானாக இறங்கும். அதே வாரத்தில் கஷாயத்தையும் தொடங்கினால் எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது, விடியற்காலையில் சர்க்கரை 4-க்குக் கீழே போய்விடும் அபாயமும் உண்டு. உருண்டை முழுவதும் நின்று, இரண்டு வாரம் சர்க்கரை நிலையாக இருந்து, பி12 முடிவும் வந்து, இதய மருத்துவரும் சரி என்ற பிறகுதான் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே இருந்தால் அவரோடு சிறுநீரக மருத்துவரின் சம்மதமும் வேண்டும். 30-க்குக் கீழே என்றால் கஷாயமே வேண்டாம்.

சீட்டு எழுதியவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிங்கப்பூரில் சீன மருத்துவம் பார்ப்பவர் சீன மருத்துவர் வாரியத்தில் பதிந்து, நடப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வாரியத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். மருந்து நிறுத்துக் கட்டுகிற எல்லாரும் மருத்துவர் இல்லை. செலவு பாரமாக இருந்தால், 1867-ல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பார்க்காமல் இலவசமாகச் சிகிச்சை தருகிறது. எங்கே போனாலும் அம்மாவின் மாத்திரைப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப் போங்கள். ஆன்ட்டியை மொழிபெயர்க்கச் சொல்லி, "ஸ்டென்ட், குளோபிடோக்ரெல்" என்ற இரண்டு சொல்லும் மருத்துவர் காதில் விழுந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிய சீட்டில் ஃபு சி, சுவான் வு, சாவ் வு என்ற மூன்றில் எது இருந்தாலும் வாங்காதீர்கள். மூன்றும் நம் வச்சநாபி இனம். சித்த மருத்துவத்தில் நாபியைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள் அல்லவா, அதே காரணம்தான். கால் குளிர்ச்சிக்கும் வலிக்கும் சீன மருத்துவத்தில் இவை உண்மையிலேயே பயன்படுகின்றன. பதப்படுத்தியதைக்கூடத் தனியாக முன்கூட்டியே நெடுநேரம் கொதிக்கவைத்தால்தான் அதிலுள்ள அகோனிட்டின் என்ற நஞ்சு சிதையும். கொதி குறைந்தால் முதலில் உதடும் நாக்கும் மரக்கும், பிறகு வாந்தி, பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதய நோயாளி இருக்கும் வீட்டுச் சமையலறையில் அந்தச் சோதனை வேண்டாம். ஜு ஷா, ஷியோங் ஹுவாங் என்ற பெயர்களும் அப்படித்தான். ஒன்று பாதரசச் சேர்மம், மற்றது ஆர்சனிக் சேர்மம். ஆர்சனிக் நரம்புச் சேதத்துக்கு மருந்தல்ல, அதற்கே காரணம். ஊரிலிருந்து வரும் செந்தூரம், பற்பம் எதையாவது அம்மா சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லாச் சம்மதமும் கிடைத்துக் காய்ச்சும் நாளில், பொட்டலத்தை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். ஹுவாங் சி வெளிர் மஞ்சள் துண்டு. வெட்டு முகத்தில் நடுவிலிருந்து கதிர் கதிராகக் கோடு ஓடும். மென்றால் லேசான இனிப்பும், பச்சைப் பயற்றை மென்றது போன்ற வாடையும் வரும். அதுவும் அவரைக் குடும்பம்தான். குய் ஜியை ஒடித்தால் பட்டை மணக்க வேண்டும். பாய் ஷாவ் துண்டுகள் இளஞ்சிவப்பு சாயும் வெள்ளை. பளீரென்று சுண்ணாம்பு வெள்ளையாக, மூக்கில் புளிப்பு ஏறும்படி இருந்தால் கந்தகப் புகை போட்டதாக இருக்கும், திருப்பிக் கொடுங்கள். பூசணம் பூத்ததைக் கழுவிப் போடாதீர்கள், எறியுங்கள். சீட்டில் கிராமுக்குப் பதில் சியென் என்ற பழைய சீன எடையில் எழுதியிருந்தால் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சீனாவில் இன்று 1 சியென்னை 3 கிராமாகக் கொள்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய கடைத் தராசில் அது ஏறத்தாழ 3.75 கிராம். நாலில் ஒரு பங்கு மருந்து கூடுதலாக உள்ளே போகும் வித்தியாசம் அது.

மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம் போதும். இரும்பும் அலுமினியமும் வேண்டாம். ஒரு முறை அலசிவிட்டு 750 மி.லி. குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். காய்ந்த வேர் கல் மாதிரி இருக்கும். ஊறாமல் சூடேற்றினால் வெளிப்பக்கம் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது இறங்காது. பெருந்தீயில் ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டு 30 நிமிடம். அடிக்கடி திறந்து பார்த்தால் குய் ஜியின் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். 250 மி.லி. அளவுக்கு வந்ததும் வடித்துவிட்டு, அதே சக்கையில் 500 மி.லி. ஊற்றி இன்னும் 20 நிமிடம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, இரண்டாகப் பிரித்து, காலை, மாலை உணவுக்குப் பின் வெதுவெதுப்பாகக் கொடுங்கள். இரண்டு வடிப்பையும் கலக்காமல் காலையில் முதலாவதையும் மாலையில் இரண்டாவதையும் கொடுக்கிறவர்கள் உண்டு. காலையில் கெட்டி, மாலையில் வெறும் தண்ணீர் என்றாகிவிடும். அடிப்பிடித்தால் நீர் சேர்த்துத் தேற்றாதீர்கள், கொட்டிவிடுங்கள். மாலைப் பங்கைக் குளிர்பெட்டியில் வைக்கலாம், மறுநாளுக்கு வேண்டாம். காய்ச்ச நேரமில்லை என்றால் அதே சூத்திரம் செறிவூட்டிய துகளாகக் கிடைக்கும். கிராம் கணக்கு முற்றிலும் வேறு, மருத்துவர் சொல்லும் அளவுதான்.

மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆனால் இடைவெளி விட்டால் எதையும் எதோடும் சாப்பிடலாம் என்று கடைகளில் சொல்வதை நம்பிவிடாதீர்கள். இடைவெளி, வயிற்றில் ஒன்றை ஒன்று உறிஞ்சவிடாமல் தடுப்பதைத்தான் தவிர்க்கும். இரத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதை அது தடுக்காது. குளோபிடோக்ரெல் ஒரு வாரம் வரை தட்டணுக்களைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு இரண்டு மணி நேரம் எந்த மூலைக்கு?

முதல் இரண்டு வாரம் தினம் காலை வெறும் வயிற்றிலும் இரவு படுக்குமுன்னும் சர்க்கரை பாருங்கள். வலியை 0 முதல் 10 வரை ஒரு எண்ணாகக் காலண்டரில் குறியுங்கள், அம்மா வாயால் சொல்லும் எண். எட்டு வாரத்தில் அந்த எண் குறைந்தது இரண்டு புள்ளி இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஈறில் இரத்தம், காரணமில்லாத கன்றிய தழும்பு, கண் மஞ்சள், அடர்ந்த நிறச் சிறுநீர் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் அது விடும்வரை கஷாயம் வேண்டாம். சீன மருத்துவர்களே அப்படித்தான் சொல்வார்கள்.

கால் ஊறவைப்பதற்கு என் பதில், கூடாது என்பதே. மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் எழுந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். நீரிழிவுப் பாதத்தில் ஒரு கொப்புளம் விரலை எடுப்பதில் போய் முடிவதுண்டு. வெந்நீர் ஆறினால் மட்டும் நல்லதா? ஊறிய தோல் விரலிடுக்கில் வெடித்து, அதில் பூஞ்சை நுழையும். அதே காரணத்தால் பாதத்தின் மேல் மோக்ஸா (மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது) புகை, சூட்டு ஒத்தடம், வலிப் பிளாஸ்டர் எதுவும் வேண்டாம். அக்குபங்சர் வேண்டுமானால் பதிவு பெற்றவரிடம், ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியால், குளோபிடோக்ரெல் பற்றிச் சொல்லிவிட்டுச் செய்யலாம். ஊசி பாதத்தில் வேண்டாம்.

கால் கழுவ, உங்கள் முழங்கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் நீர், ஐந்து நிமிடம். விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்தி, குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் கிரீம் தடவுங்கள், விரலிடுக்கில் தடவாதீர்கள். தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, உள்ளங்காலை அதில் காட்டி, சிவப்பு, கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று தினம் இரவில் பாருங்கள். செருப்பு போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிறு கல் கிடந்தால்கூட அம்மா காலுக்குத் தெரியாது. இன்றைக்கு மருத்துவரிடம் போகும்போது கறுப்பு உருண்டையோடு சீட்டின் படத்தையும் காட்டிவிடுங்கள். பி12 முடிவு வந்ததும் எண்ணை எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, கஷாயத்தை எந்த வாரம் தொடங்கலாம் என்று யோசிக்கலாம்.